லிப்ட்காரரின் படம்

என் கணவர் வாழ்க்கையில் முதன்முதலாக எடுத்த நான்கு புகைப்படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இரண்டு நாளைக்கு முன்பே விட்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு முப்பத்தாறு வயது. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. அவர் மவுண்ட் ரோட்டில் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில், மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனியில் இருந்தார். காமிராக் கிறுக்கு எனக்குத்தான், அவருக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கிறுக்கு ஆரம்பித்தது ஒரு கட்டிலால். ஞாயிற்றுக்கிழமைகளில் மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் ஏலம் நடக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் சாமான்கள் அன்றைக்கு ஏலத்துக்கு வந்திருந்தன. தேக்குக் கட்டில் வாங்கத்தான் போனேன். கட்டிலுக்கு முந்தின சாமானாக ஒரு பழைய மடிப்புக் காமிரா வந்தது. பித்தானை அமுக்கினால் முன்பக்கம் திறந்து, தோல் துருத்தி நீண்டு, லென்ஸ் வெளியே வந்து நிற்கும். ஏலக்காரர் அதைத் திறந்து காட்டியதும் என் கை தானாக உயர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கணவர், "கட்டில் எங்கே?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து காமிராவை எடுத்துக் காட்டினேன். "இதுல ஒருத்தர்தான் படுக்கலாம் போலிருக்கே" என்றார்.

ஐந்து வருடத்தில் பதினொன்று சேர்ந்தன. இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் காமிரா ஒன்று, தகரப் பெட்டிக் காமிரா ஒன்று, துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் மூலமாகக் கிடைத்த இரண்டு ரஷ்யக் காமிராக்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன ஜெர்மன் காமிரா. மெட்ராஸின் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் கண்ணாடி அலமாரிக்குள் எப்போதும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியும். யாராவது வீட்டுக்கு வந்தால் பூஜை அலமாரி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வைத்து அழகு பார்ப்பதோடு நிறுத்தவில்லை. எல்லாவற்றிலும் படம் எடுத்தேன். எந்தப் படத்துக்கு லென்ஸ் திறப்பு, அதாவது அபர்ச்சர், எவ்வளவு, ஷட்டர் என்ன வேகம், எத்தனை மணி, மேகம் இருந்ததா என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில் கறுப்பு வெள்ளை ரோலைக் கையாலேயே கழுவித் தருகிற லேப் ஒன்று இருந்தது. முதலாளி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் பச்சை வெல்வெட் ஒட்டிய ஒரு பலகை இருக்கும். வாடிக்கையாளர்கள் எடுத்ததில் தனக்குப் பிடித்ததை அதில் குத்தி வைப்பார். மூன்று வருடமாக அவரிடம்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் படம் ஒன்றுகூட அதில் ஏறவில்லை. பிரிண்டுகளை உறையில் போடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்.

"எக்ஸ்போஷர் கரெக்ட்டா இருக்கும்மா. ஒரு பாயிண்ட்டுகூடத் தப்பு இல்ல."

வெளிச்சக் கணக்குச் சரி என்கிறார். முதலில் அதைப் பாராட்டு என்று நினைத்தேன். பிறகுதான் வேறு எதுவும் சொல்ல அவருக்குக் கிடைக்கவில்லை என்பது புரிந்தது.

நான் காய்ச்சலில் படுத்திருந்த அந்த வாரம் ஜெர்மன் காமிராவில் நான்கு படம் பாக்கி இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கணவர் தி.நகர் போகிறேன் என்றார். அந்த நான்கையும் முடித்து ரோலை லேப்பில் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

"எதை எடுக்கணும்?"

"எதையாவது எடுங்க. நான் எல்லாம் வெச்சிருக்கேன். எதையும் திருகாதீங்க. பத்தடி தள்ளி நின்னு, வெயில்ல மட்டும் எடுங்க."

அடுத்த சனிக்கிழமை பிரிண்ட் வாங்கப் போனேன். முதலாளி உறையை நீட்டவில்லை. நான்கு படங்களை மட்டும் தனியாக எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இந்த நாலும் யாரு எடுத்ததும்மா?"

மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் ஒரு பெண், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பையை இடுக்கிக்கொண்டு, பல்லில் ஹேர்பின்னைக் கடித்தபடி கொண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். கூட்டம் அவளுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து ஏறுகிறது. அது ஒன்று. ரங்கநாதன் தெருவில் இரண்டு கைகளிலும் கைக்குட்டைகளைத் தொங்கவிட்டபடி கொட்டாவி விடும் ஆள், பஸ் ஜன்னல் கம்பியில் கன்னம் அழுந்தத் தூங்கும் கிழவர், ஒரே பொட்டலத்து வேர்க்கடலையை ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி தின்னும் இரண்டு போலீஸ்காரர்கள். இவை மற்ற மூன்று.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

"அவரும் காமிரா வெச்சிருக்காரா?"

"இல்ல. என்னுதுதான்."

அவர் கொண்டை போடும் பெண்ணின் படத்தை எடுத்து, பச்சைப் பலகையில் நடுவாகக் குத்தினார். என்னிடம் கேட்கக்கூட இல்லை. என் முப்பத்திரண்டு படங்கள் இருந்த உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வழியில் ஒருதடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் சோறு இறங்காதது.

"அந்தப் பொம்பளைய ஏன் எடுத்தீங்க?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"வழியை அடைச்சுக்கிட்டு நின்னா. என்னால மேல போக முடியல. சரி, அவ முடிக்கிறதுக்குள்ள ஒண்ணு எடுத்துருவோம்னு எடுத்தேன். ஏன், சரியா வரலையா?"

"வந்திருக்கு."

தற்செயலாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். சரிபார்க்க வேண்டும்போலவும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டிக் காமிராவில் ரோல் போட்டுக் கொடுத்தேன். அதில் எட்டுப் படம்தான் எடுக்க முடியும். வ்யூபைண்டர் பொடிக் கண்ணாடி, பார்ப்பதே கஷ்டம். சும்மா விளையாட்டுக்கு என்று அவரிடம் சொன்னேன். விளையாட்டு இல்லை. அவர் தோற்க வேண்டும் என்று கொடுத்தேன். எட்டில் ஐந்து நன்றாக வந்திருந்தன. ஒன்று பச்சைப் பலகைக்குப் போயிற்று.

அடையாறில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் வீட்டில் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். எல்லோருமே பழைய காமிராப் பைத்தியங்கள். என்னையும் ஒரு கல்லூரி விரிவுரையாளரையும் தவிர மற்றவர்கள் ஆண்கள். அங்கே எனக்கு மரியாதை உண்டு. ஷட்டர் ஒட்டிக்கொண்டால், துருத்தியில் ஓட்டை விழுந்தால், என்னிடம்தான் வருவார்கள். அந்த மாதம் என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்த கணவரை, வாசலிலேயே நின்றவரை, டாக்டர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தி.நகர் லேப் பலகையைப் பார்த்திருக்கிறார்.

"கொண்டை போடுற பொம்பளைப் படம் உங்களுதாமே! என்ன அபர்ச்சர் சார்?"

என் கணவர் என்னைக் கை காட்டினார். "அதெல்லாம் இவ வெச்சுக் குடுப்பா. நான் அமுக்குவேன்."

வீடே சிரித்தது. டாக்டர் தொடையைத் தட்டிக்கொண்டு, "கேட்டீங்களா எல்லாரும்? நாம வருஷக்கணக்கா கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம். மனுஷன் சும்மா அமுக்கிட்டுப் போயிட்டாரு" என்றார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்த ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஜெர்மன் காமிரா அவருடைய ஆபீஸ் பையிலேயே போய் வர ஆரம்பித்தது. "எடுத்துக்கட்டுமா?" என்று முதல்நாள் கேட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? மற்ற பத்தும் அலமாரியில் சும்மாதானே இருக்கின்றன. வேகத்தையும் அபர்ச்சரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வெயில், நிழல், உள்ளே என்று மூன்று வரி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடுத்தார். பிரிண்டுகளைக் காட்டும்போது "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். எங்கே எடுத்தது, யாரை எடுத்தது என்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் அவர் சொல்வார். சொன்னால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவர் காமிராவை டிவிமேல் வைத்துவிட்டு, "இன்னும் அஞ்சு இருக்கு. இன்னிக்கு எடுத்ததுல ஒண்ணு ரெண்டு நல்லா வந்திருக்கும்னு தோணுது" என்றார். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது டாக்டர் போன் செய்தார். மயிலாப்பூரிலேயே ஒரு சபாவின் சின்ன ஹாலை இரண்டு நாளைக்குப் பிடித்திருக்கிறாராம். எங்கள் குழு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறதாம்.

"உங்க சார் படம் எட்டு வேணும்மா. அந்த நீளச் சுவரு முழுக்க அவருக்கே விட்டுடறேன்."

"சரிங்க டாக்டர்."

"அப்புறம் நீங்க..." கொஞ்சம் யோசித்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்களேன். உங்க காமிராவையெல்லாம் கொண்டு வாங்க. நடுவுல ஒரு மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு வெச்சிடலாம். பார்க்க அழகா இருக்கும்."

போனை வைத்தேன். அவர் படம் சுவரில். என் காமிரா மேஜையில். நான் எங்கே நிற்பது என்று டாக்டர் சொல்லவில்லை.

டிவிமேல் இருந்த காமிராவை எடுத்தேன். ஜன்னலில் நல்ல வெயில். அந்தக் காமிராவின் பின்மூடியைத் திறக்க, பக்கத்திலிருக்கும் தாழ்ப்பாளை நகத்தால் நெம்ப வேண்டும். நெம்பினேன். மூடி திறந்தது. ரோல் எப்படிச் சுற்றியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். முதலில் எடுத்தவை சுருளின் உள்ளே பத்திரமாக இருக்கும். கடைசியாக எடுத்தவை மேலே இருக்கும், அவைதான் வெளிச்சம் பட்டுக் கருகும். அதாவது நேற்று எடுத்தவை. இரண்டு மூச்சு விடும் நேரம் திறந்து வைத்திருந்துவிட்டு மூடினேன். இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தேன். பிறகு போய் அரிசி களைந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அடுத்த வாரம் ரோலை வாங்கப் போன கணவர் முகம் வாடி வந்தார்.

"பின்மூடி திறந்திருக்குன்னு லேப்ல சொல்றாரு. பாதிக்கு மேல கருப்பா போச்சு. நான்தான் ஆபீஸ்ல எங்கேயோ தட்டிட்டேன் போல." நெகடிவை என்னிடம் கொடுத்தார். "உன் காமிராவுக்கு ஒண்ணும் ஆகலையே? கொஞ்சம் பாரு. தாழ்ப்பாள் லூஸாயிடுச்சோ என்னவோ."

நான் காமிராவை வாங்கித் தாழ்ப்பாளைப் பரிசோதிப்பதுபோல் இரண்டு தடவை நெம்பிப் பார்த்தேன். "ஒண்ணும் ஆகல" என்றேன்.

"அந்த லிப்ட்காரர்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் ஆபீஸ் கட்டடத்தில் இரும்புக் கம்பிக் கதவு போட்ட பழைய லிப்ட் ஒன்று உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் முப்பத்தோரு வருடம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஏறி இறங்கியவர். அந்த வெள்ளிக்கிழமைதான் அவருக்குக் கடைசி நாள். லிப்ட்டுக்குள் தன்னை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று என் கணவரைக் கேட்டிருக்கிறார். வேலை செய்கிற இடத்தில் எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லையாம். மத்தியானம் முழுக்க அவரோடு லிப்ட்டில் போய்ப் போய் வந்து பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருக்கிறார். கருகிப்போனவை அவைதான்.

திறந்தது நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு என்னிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டதால், நான் சொல்வதற்கு இடமே இல்லாமல் போய்விட்டதுபோல் இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லிப்ட்காரர் மூன்று தடவை ஆபீஸுக்கு வந்து, "இன்னா சார், போட்டோ வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். படம் போய்விட்டது என்று என் கணவரால் சொல்ல முடியவில்லை. "இன்னும் கழுவலை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான்காம் தடவை லிப்ட்காரர் ஆபீஸுக்குப் போகவில்லை. விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் அன்றைக்கு லீவில் இருந்தேன். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். யாரென்று அவரே சொன்னார்.

"சார் இல்லியாம்மா? வேளச்சேரிலேர்ந்து வரேன். நம்ம ஊட்டாண்ட மரம் கீது, அதுல காச்சது."

உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் சாருதா?" என்றார். என்னுடையது என்றேன். "அன்னிக்கு சின்னதா ஒண்ணு வெச்சுக்கினு இருந்தாரே?" ஜெர்மன் காமிராவைக் காட்டினேன். எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு கிட்டத்தில் பார்த்துவிட்டு, திரும்பப் போய்க் காபியோடு உட்கார்ந்தார்.

"என்னைப் பாக்காத, நீ பாட்டுக்கு கேட்டை இழுன்னு சொல்ட்டாரு. நானும் மேல கீழ, மேல கீழன்னு ஓட்டிக்கினு இருந்தேன். எப்ப எடுத்தாருன்னே தெர்ல. எம் பொண்ணுக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு, ஊட்டுல மாட்ட ஒண்ணு. மூணு போதும்மா. எப்ப கெடைக்கும்னு மட்டும் சொல்லு."

"அது போயிடுச்சு" என்றேன்.

"இன்னாது?"

"ரோல்ல வெளிச்சம் பட்டுடுச்சு. படம் இல்ல. நான்தான் காமிராவைத் திறந்துட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியாம தொறந்துட்டியாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவரே அந்தப் பதிலை என் கையில் கொடுத்தார். கணவரிடம் இரண்டு வாரமாகச் சொல்ல முடியாததை, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த ஒரு மனிதரிடம் சொன்னேன்.

"தெரிஞ்சுதான்."

"என் மேல இன்னாம்மா கோவம் உனக்கு? நான் உன்னைப் பார்த்ததுகூட இல்லியே."

"உங்க மேல இல்லீங்க. உள்ள உங்க படம் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"பின்ன, சார் மேலயா?"

அவர் கீழே வைத்த டம்ளரை நான் எடுத்துக்கொண்டேன்.

"மூணு தபா போனேம்மா. சார் என் மூஞ்சிய பாக்காம பேசுனாரு. வேலைல இருந்தவரைக்கும் அண்ணே அண்ணேன்னு கூப்ட்டவரு, வேலை போனதும் மாறிட்டாரேன்னு நெனச்சேன். ஊட்டுல கூட சொல்லிட்டேன், அவரும் அப்டிதான்னு." எழுந்துகொண்டார். "சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். முருங்கைக்காய் நாற்காலியிலேயே இருந்தது.

கணவர் வந்ததும், சட்டையைக்கூடக் கழற்ற விடாமல் சொன்னேன். டாக்டர் போன் செய்தது, வெள்ளைத் துணி விரித்த மேஜை, தாழ்ப்பாள், எல்லாம். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா நான் எடுக்கிறதையே நிறுத்தியிருப்பேனே. எனக்கு இது என்ன பெரிய விஷயமா?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

"அதுதாங்க. உங்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல. நான் அஞ்சு வருஷமா நோட்டு எழுதறேன். வழி விடலைன்னு நீங்க ஒரு பொம்பளைய எடுத்தா அது பலகைல ஏறுது. வேணாம்னா நாளைக்கே விட்டுடுவீங்க. என்னால விட முடியுமா?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "எனக்கு வரக்கூடாதுன்னு வேண்டிக்கவா? மத்ததெல்லாம் போனா போகுது. அந்த மனுஷன் எவ்வளவு ஆசையா நின்னாரு தெரியுமா? நான் அவர்கிட்ட மூணு தடவை பொய் சொன்னேன். என் தப்புன்னு நெனச்சு சொன்னேன்."

அன்றைக்கும் மறுநாளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, வேளச்சேரி போகலாம்" என்றார்.

வேளச்சேரியில் அப்போது அடுக்கு வீடுகள் அதிகம் வரவில்லை. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் மண்ரோடு, ஓட்டு வீடு, வாசலில் அந்த முருங்கை மரம். லிப்ட்காரர் மரத்தடியில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா சொல்ட்டாங்களா சார்?"

"சொல்லிட்டா. மறுபடியும் எடுக்கலாம்ணே. பில்டிங் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் லிப்ட் நமக்குத்தான்."

லிப்ட்காரர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "அன்னிக்கு கடைசி நாளு சார். அது போயிடுச்சு. இனிமே போய் நின்னா அது டூப்பு."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்.

"டூப்புதாங்க. உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனா இதுவும் இல்லேன்னா ஒண்ணுமே இருக்காது. நான் பண்ணதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "போயேன்யா. ஊட்டுல குந்திக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார். அதன்பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தார். சவரம் செய்து, திருநீறு பூசி, எண்ணெய் வைத்து வாரியிருந்தார். காக்கிச் சட்டையை ஓய்வு பெற்ற அன்றே ஆபீஸில் ஒப்படைத்துவிட்டதால், புதிதாக வந்த லிப்ட்காரர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அவர் நல்ல ஆகிருதி. சட்டை இவருக்குத் தோளில் தொளதொளவென்று நின்றது. என் வளையலில் கோத்திருந்த நான்கு ஊக்குகளையும் எடுத்து, முதுகுப்பக்கம் மடிப்பு வைத்துக் குத்திவிட்டேன். குத்தும்போது, "வுடும்மா, போதும். ஒடம்புல குத்திடப் போற" என்றார். உண்மையைச் சொன்ன பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் சாதாரண வார்த்தை அதுதான்.

லிப்ட்டுக்குள் ஒரே ஒரு குண்டு பல்பு. மூன்றாவது மாடியில் மட்டும் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும். லைட் மீட்டரை அவர் முகத்துக்கருகே பிடித்துப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்தேன்.

"கை ஆடினா போச்சு. முதுகைச் சாய்ச்சுக்கோங்க. மூச்சை வெளிய விட்டுட்டு அமுக்குங்க" என்று சொல்லிக் காமிராவைக் கணவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நீ எடு" என்றார்.

ஆசையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். காமிராவைக் கண்ணருகே கொண்டுபோனேன். லிப்ட்காரர் விறைப்பாக நின்றுகொண்டு, என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்தார்.

"சாரே எடுக்கட்டும்மா."

கொடுத்துவிட்டு லிப்ட்டின் மூலையில் ஒதுங்கி நின்றேன். என் கணவர் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா பேச ஆரம்பித்தார். இரண்டாவது மாடியில் கேட் சிக்குமே, இப்போதும் சிக்குகிறதா? முன்பு ஒரு தீபாவளிக்குக் கணக்குப் பிள்ளை ஸ்வீட் டப்பாவோடு உள்ளே மாட்டிக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? லிப்ட்காரர் சிரித்தார். கேட்டை இழுத்தார், நெம்பினார், கீழே போனோம், மேலே வந்தோம். ஆறு தடவை ஏறி இறங்கிய பிறகுதான் முதல் படத்தை எடுத்தார். நானாக இருந்தால் முதல் தடவை மூன்றாவது மாடி வந்ததுமே எடுத்திருப்பேன். அது எனக்கு அங்கேயே புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறைந்துவிடவில்லை. கொஞ்சம் கூடத்தான் செய்தது.

ஒரு படம் நன்றாக அமைந்தது. கேட்டைப் பாதி இழுத்தபடி, யாரோ ஓடி வருகிறார்களா என்று வெளியே எட்டிப் பார்க்கிறார். கம்பிகளின் நிழல் சட்டைமேல் விழுந்திருக்கிறது. "அன்னிக்கு எடுத்தது இதைவிட நல்லா இருந்திருக்கும்" என்றார் கணவர். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்தப் படங்களை நான் பார்க்கப்போவதே இல்லை என்பது எனக்குத் தண்டனை மாதிரியும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மூன்று பிரிண்டுகளை வேளச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நான்காவது பிரிண்ட் கண்காட்சியில் நீளச் சுவரின் நடுவில் மாட்டப்பட்டது. நானும் என் பதினொரு காமிராக்களைத் துடைத்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். வெள்ளைத் துணியும் என்னுடையதுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் லிப்ட்காரர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தன் படத்துக்கு முன்னால் நின்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்.

"இது நான்தான். எடுத்தது அந்த சாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டைக்குப் பின்னு குத்துனது இந்தம்மா" என்றார். காமிராவைத் திறந்தது யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கண்காட்சி முடிந்த அடுத்த வாரம் என் கணவர் ஜெர்மன் காமிராவைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்காக விட்டுக்கொடுக்கிறாரோ என்று சந்தேகம் வந்து, "எனக்காக ஒண்ணும் நிறுத்த வேணாம்" என்று சண்டைக்கே போனேன்.

"உனக்காக இல்லடி. போரடிச்சுப்போச்சு. சுவரு நெறைய மாட்டிப் பார்த்தாச்சு. அவ்வளவுதானே?"

உண்மையாகவே அவ்வளவுதான் அவருக்கு. அடுத்த மாதம் ஒரு மீன் தொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். நாலைந்து வருடம் மீன் வளர்த்தார், பிறகு அதுவும் போயிற்று.

நான் இன்னும் படம் எடுக்கிறேன். காமிராக்கள் பத்தொன்பது ஆகிவிட்டன. அவர் எடுத்ததில் தேறிய இருபத்தாறு படங்களும் என்னிடம் ஒரு ஆல்பத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் என் ஆல்பங்களைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். அவருடையதை, அவராக உள்ளேயிருந்து "அதையும் காட்டேன்" என்று சொன்னால் மட்டும் எடுப்பேன்.